சட்ட வகுப்பை மாணவரோடு சேர்ந்து நடத்துவது

3 ஜூலை 2025: திருவையாற்று வாசகர் ஒருவரின் கேள்வி

என் மகள் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்தப் பருவத்தில் நிலச் சட்டங்கள் பாடத்தின் பல வகுப்புகளை மாணவர்களே ஆசிரியரோடு சேர்ந்து நடத்தப் போகிறார்கள் என்று சொல்கிறாள். பக்கத்து இருக்கையில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்தது இவளுக்கும் தெரிந்ததுதானே? சம்பளம் வாங்குகிறவர் ஒருவர், பாடம் நடத்துகிறவர் இன்னொருவர் என்றால் அது எந்த ஊர் நியாயம்? இது கற்பித்தல் முறையா, வேலையைத் தள்ளிவிடுவதா என்பதைச் சட்டம் கற்பிக்கிறவர்கள் யாராவது விளக்க வேண்டும்.

4 ஜூலை

காவிரிப் படுகையில் ஒரு சட்டக் கல்லூரியில் நிலச் சட்டங்களும் சாட்சியச் சட்டமும் நடத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ஐயத்தில் பாதி முற்றிலும் சரியானது. செமினார் என்ற பெயரில் ஒரு யூனிட்டைத் தூக்கி ஒரு மாணவரிடம் கொடுத்துவிட்டு, அவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருக்க, ஆசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கும் வழக்கம் உண்டு. வாசிக்கிறவருக்கும் அதில் ஒன்றும் ஏறுவதில்லை, கேட்கிறவருக்கும் ஏறுவதில்லை. அதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன்.

வகுப்பைச் சேர்ந்து நடத்துவது வேறு. பாடத்துக்கான பொறுப்பு முழுவதும் ஆசிரியரிடமே இருக்கும். எந்தச் சிக்கலை முன்வைத்துத் தொடங்குவது, எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது, எந்தத் தீர்ப்பை முதலில் படிப்பது, எதை விட்டுவிடுவது என்பதை இரண்டு மாணவர்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். வகுப்பில் கேள்விகளை எழுப்புவதும், வரும் பதில்களைப் பலகையில் நேர் எதிராக நிறுத்துவதும் அவர்கள் வேலை. சட்டம் பிசகும் இடத்தில் ஆசிரியர் அப்போதே குறுக்கிட வேண்டும். அடுத்த வகுப்புக்கு அதைத் தள்ளி வைக்கக் கூடாது.

பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிந்தது இவளுக்கும் தெரிந்ததுதானே என்று கேட்டீர்கள். பிறர் நிலத்தைச் சட்டம் சொல்லும் காலம் வரை உரிமையாளர் போலத் தடையின்றி வைத்திருந்தவர் அதில் உரிமை பெறலாம் என்னும் எதிரிடை அனுபவம் என்ற கருத்து எனக்குப் புரியாமல் இருந்த காலம் இப்போது என் நினைவில் இல்லை. ஆகவே ஒருவருக்கு அது எந்த இடத்தில் இடறும் என்பதும் எனக்கு எளிதில் தெரிவதில்லை. போன வாரம்தான் அதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு, தாம் இடறிய இடம் இன்னும் பசுமையாக நினைவிருக்கிறது.

4 ஜூலை, இரவு

காலையில் எழுதியதோடு ஒரு வரலாற்றையும் சேர்க்க வேண்டும், ஏனெனில் சம்பளத்தைப் பற்றிய உங்கள் சந்தேகம் புதியதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்றொரு மூத்த மாணவன் இருப்பான். சிறுவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பதும் வாய்ப்பாடு ஒப்புவிக்கக் கேட்பதும் அவன் பொறுப்பு. 1789 இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் இல்லத்திலும் அதைப் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். 1797 இல் அவர் இங்கிலாந்தில் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு பல நாடுகளுக்கும் பரவியது. அது பரவியதற்குப் பெரிய காரணம், ஒரே ஆசிரியரின் ஊதியத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிடலாம் என்பது.

ஆகவே செலவு மிச்சம் என்ற வாசனை இந்த யோசனையின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பாடத்தில் மாணவரை நிறுத்தினால் அது ஏமாற்று வேலை. என்னைப் பொறுத்தவரை இதற்கு விதிவிலக்கே கிடையாது.

6 ஜூலை

உதாரணம் கேட்டிருக்கிறார்கள். ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் பகுதிக்கு உயிர்நாடியான சட்டம் ஒன்று உண்டென்றால் அது 1955 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே தஞ்சை மாவட்டத்துக்கென்று தனியாகக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952 இல் வந்துவிட்டது. அந்த அளவுக்கு இங்கே நிலைமை முற்றியிருந்தது. சாகுபடிக் குத்தகைதாரர் யார் என்ற வரையறையைப் பலகையில் எழுதிப் போட்டுத்தான் நான் எப்போதும் பாடத்தைத் தொடங்குவேன். வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ ஏற்பட்ட குத்தகை உடன்பாட்டின் பேரில், பிறர் நிலத்தில், தம்முடைய அல்லது தம் குடும்பத்தினர் ஒருவருடைய உடலுழைப்பைச் செலுத்திச் சாகுபடி செய்பவர் என்பது அதன் சாரம். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் அப்படியே எழுதுவார்கள்.

ஒரு பருவத்தில் என்னோடு வகுப்பை நடத்த முன்வந்த இருவரில் ஒருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண். “வரையறையை முதலில் எழுத வேண்டாம் ஐயா, கடைசியில் எழுதலாம்” என்றார். அவர் கையில் ஓர் அடங்கல் நகல், அதாவது எந்தப் புலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்று காட்டும் கிராமக் கணக்கின் நகல், இருந்தது. நான்காக மடித்து மடித்து மடிப்போரம் நைந்துபோன காகிதம். புல எண், பரப்பு, சம்பா நெல் என்ற பதிவு, எல்லாம் இருந்தன. சாகுபடி செய்பவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நில உடைமையாளரின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை மறைத்துப் படி எடுத்து வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு கேட்டார்: “மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் இந்த நிலத்தில் பயிர் வைக்கிறது. குத்தகைச் சீட்டு எதுவும் இல்லை, வாய்மொழிதான். வீட்டுப் பெரியவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு. நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் ஆள் விடுகிறார்கள். அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. அவர் மடை மாற்றுகிறார், உரம் தெளிக்கிறார், வரப்புக்கு அண்டை வெட்டுகிறார். சட்டத்தின் பாதுகாப்பு இவருக்கு உண்டா?”

அண்டை வெட்டுவது உடலுழைப்பில்லாமல் வேறென்ன என்றார் ஒருவர். கூலிக்கு ஆள் வைத்த உடனேயே பாதுகாப்பு போய்விடும் என்றார் இன்னொருவர். அப்படியானால் இந்தப் படுகையில் ஒரு குத்தகைதாரர்கூட மிஞ்ச மாட்டாரே என்று மூன்றாமவர் கேட்டார். இரண்டாவது வரிசையில் இருந்த, அதுவரை வகுப்பில் வாயே திறந்திராத ஒரு மாணவி, “அந்த வீட்டுப் பெண்கள் களை எடுக்கிறார்களா?” என்று கேட்டார். எடுக்கிறார்கள் என்றார் நடத்தியவர். அப்போதுதான் எல்லோரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, ‘குடும்பத்தினர்’ என்ற சொல் வரையறையில் எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தாமாகக் கண்டார்கள். மேற்பார்வை மட்டுமே செய்கிறவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதையும், எல்லா வேலையையும் தானே செய்தாக வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்பதையும் நான் அதற்குப் பிறகு சொன்னேன். அந்த இரண்டு வாக்கியங்களுக்காக வகுப்பு காத்திருந்தது. முந்தைய ஆண்டுகளில் அதே வாக்கியங்களை நான் சொன்னபோது யாரும் காத்திருக்கவில்லை.

அடங்கலில் பெயர் இல்லாததால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடும்போது வரும் தொல்லை, 1969 ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின் கீழ்ப் பெயரைப் பதிவு செய்துகொள்ளும் வழி, பதிவு செய்யப் போனால் நிலத்தைவிட்டே போகச் சொல்வார்களோ என்ற அச்சம், இவை எல்லாம் அடுத்தடுத்த வகுப்புகளுக்கு இழுத்துக்கொண்டு போயின. பாடத்திட்டத்தில் இருந்த வரிசையும் ஏறக்குறைய அதேதான். அதை நான் திட்டமிட்டிருந்தால் இவ்வளவு இயல்பாக அமைந்திருக்காது.

7 ஜூலை

நன்னூலை எடுத்துக்காட்டிய மன்னார்குடித் தமிழாசிரியருக்கு நன்றி. ஆசான் சொன்னதைச் சரியாக வாங்கிக்கொண்டாலும் கால்பங்குப் புலமைதான், உடன் பயில்வோரோடு பழகுவதில் ஒரு கால்பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரைப்பங்கு என்று பவணந்தியார் பிரித்து வைத்திருப்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் எடுத்துரைப்பவரின் வரவைப் பற்றியது. திருவையாற்று வாசகர் கேட்பது கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் வரவை. அதற்கு நன்னூலில் விடை இல்லை.

நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1871 இல் மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிக்கச் சேர்ந்த உ.வே. சாமிநாதையருக்குத் தொடக்கத்தில் பாடம் சொன்னவர், பிள்ளையவர்களின் மாணவரான சவேரிநாத பிள்ளை. நன்றாகவே சொல்லிக் கொடுத்தார். ஆனாலும் ஆசிரியரிடமே நேரே கேட்க வேண்டும் என்ற ஏக்கம் உ.வே.சா. மனத்தில் இருந்துகொண்டே இருந்தது. அந்த ஏக்கம் நியாயமானது. ஆசிரியர் வகுப்பறையைவிட்டு வெளியே போய்விடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

9 ஜூலை

நீடாமங்கலத்து வாசகரின் கேள்வி கூர்மையானது: குத்தகைதாரர் வீட்டுப் பெண் நடத்திய அந்த வகுப்பில் நில உடைமையாளர் வீட்டுப் பிள்ளையும் இருந்திருப்பாரே, அவர் நிலை என்ன?

இருந்தார். ஒருவரல்லர், பலர் இருந்தார்கள். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையும் இருந்தார். உடைமையாளர் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் அன்று முழுவதும் பேசவில்லை. மறுநாள் என் அறைக்கு வந்து, தம் பாட்டிக்கு அந்தக் குத்தகை நெல்லைத் தவிர வேறு வருமானம் இல்லை என்றும், பல போகமாகக் குத்தகைதாரர் அதை அளக்கவே இல்லை என்றும், விற்க நினைத்தாலும் வாங்க ஆள் வருவதில்லை என்றும் சொன்னார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

அடுத்த வார வகுப்பை அவரும் அந்தப் பெண்ணும் சேர்ந்து தயாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். 2016-17 வறட்சியில் சம்பா கருகியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த ஆண்டுக் குத்தகை பாக்கி. உடைமையாளர் வெளியேற்றக் கோரிக் கோட்டாட்சியரிடம் மனுச் செய்கிறார். 1955 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பாக்கியைக் கட்டுவதற்கு இரு தரப்பாரின் சூழ்நிலையையும் பார்த்துக் கால அவகாசம் கொடுக்க அதிகாரிக்கு இடம் தருகிறது. எவ்வளவு அவகாசம், எந்தக் காரணத்துக்காக என்பதுதான் வகுப்பின் கேள்வி. நான் வைத்த நிபந்தனை ஒன்றே: உடைமையாளர் பக்கத்தை அந்தப் பெண் சொல்ல வேண்டும், குத்தகைதாரர் பக்கத்தை உடைமையாளர் வீட்டு மாணவர் சொல்ல வேண்டும். இருவரும் தயங்கினார்கள், பிறகு செய்தார்கள். 1956 ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் குத்தகையை வழக்கமான மொத்த விளைச்சலில் 25 விழுக்காடு என்று வரையறுத்திருக்கும்போது, விளைச்சலே இல்லாத போகத்துக்கு எதன் மேல் கணக்கிடுவது என்ற கேள்வியை எழுப்பியவர் அந்த மிராசுதார் வீட்டுப் பிள்ளைதான்.

இதிலிருந்து எனக்கு உறுதியான விதி ஒன்று உண்டு. சொந்த வீட்டு வழக்கை வகுப்புக்குக் கொண்டுவரலாம். ஊர், உறவு, பரப்பு, பயிர் எல்லாவற்றையும் மாற்றித்தான் கொண்டுவர வேண்டும். நிலுவையில் உள்ள வழக்கானால் வேண்டவே வேண்டாம். படுகையில் மூன்று ஊர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் அது யாருடைய நிலம் என்று தெரிந்துவிடும்.

12 ஜூலை

ஆசிரியருக்குத் தெரியாதது மாணவருக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்கிறவர்களுக்கு, 1 ஜூலை 2024 ஐ நினைவூட்டுகிறேன். அன்றுதான் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், இந்திய சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்துக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் ஆகியவை வந்தன. கொலைக்கு 302 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் எங்கள் தலைமுறை, 103 என்று பழக வேண்டியிருந்தது. ஏமாற்றுக்கு 420 போய் 318 வந்தது. முதல் தகவல் அறிக்கைக்கு 154 போய் 173. அன்றைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் இரண்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பழைய எண்கள் மனத்தில் படியாத மாணவர்கள் புதிய சட்டத்தைப் புதிய சட்டமாகவே படித்தார்கள். எங்களுக்கு அது கைவரவில்லை.

சாட்சிய வகுப்பில் நடந்தது அதைவிட முக்கியம். மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்பதற்குப் பழைய சட்டத்தில் இருந்த 65பி, இப்போது 63 ஆம் பிரிவு. அதனோடு வரும் சான்றிதழ் இரண்டு பகுதிகளாகிவிட்டது: ஒன்றைப் பதிவைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும், மற்றொன்றை வல்லுநர் நிரப்ப வேண்டும், இரண்டிலும், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் அடையாளத் தொடரான ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்தவர்கள். கணினி அறிவியல் படித்துவிட்டு வந்த ஒரு மாணவர் அந்த வகுப்பைத் தம் மடிக்கணினியோடு என்னுடன் சேர்ந்து நடத்தினார். ஒரு வயல்வெளிப் படத்தின் ஹாஷ் மதிப்பைத் திரையில் காட்டினார். நீண்ட எண்ணெழுத்துத் தொடர். பிறகு அந்தப் படத்தின் ஒரு மூலையில் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றிவிட்டு மீண்டும் கணக்கிட்டார். தொடர் முழுவதும் மாறிப்போயிருந்தது. வாட்ஸாப்பில் வந்த படத்தைக் கட்சிக்காரர் நீட்டும்போது வழக்கறிஞர் என்ன கேட்க வேண்டும் என்பது அந்தக் கணத்தில் வகுப்புக்கு விளங்கியது. எந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டும் என்னால் அதைச் செய்திருக்க முடியாது.

அதே வகுப்பில் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் மாணவராக இருக்கிறார். புல வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது அவர் பொறுப்பு. ‘ஐயா’ என்றுதான் எல்லோரும் அவரை அழைக்கிறார்கள். அவர் எங்களை அழைப்பதும் அப்படியே.

13 ஜூலை

மாதிரி நீதிமன்றப் போட்டியே போதாதா என்று கேட்ட கும்பகோணத்து வழக்கறிஞருக்கு: அது இதற்கு ஈடாகாது. அதில் இருவர் வாதிடுகிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஜெயிப்பது குறிக்கோள் ஆகிவிடுவதால், எதிராளிக்குப் புரிய வைக்க யாரும் முயல்வதில்லை. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008 ஆம் ஆண்டு விதிகள் அதைக் கட்டாயப் பாடமாக வைத்திருப்பது சரியே. அது வேறு பயிற்சி.

18 ஜூலை

இந்த விவாதத்தில் இதுவரை யாரும் தொடாத ஒன்றை நானே எழுப்புகிறேன். யாரை அழைப்பது?

முன்வருகிறவர்கள் வரட்டும் என்று விட்டுவிட்டால், ஆங்கிலம் சரளமாக வருகிறவர்கள், விடுதியில் தங்கியிருப்பவர்கள், வீட்டில் ஏற்கெனவே ஒரு வக்கீல் இருக்கும் பிள்ளைகள், பெரும்பாலும் ஆண்கள், இவர்களே வருவார்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒலிபெருக்கியும் கொடுத்தது போலாகும். கேட்டுக்கொண்டிருக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு, ‘இது அவர்களுக்கான இடம்’ என்ற எண்ணம் இன்னும் ஊன்றும். ஒரு பிரிவில் 60 பேர் என்பது விதி. அந்த அறுபதில் ஒரு பருவம் முழுவதும் ஆசிரியர் காதில் விழும் குரல்கள் எத்தனை என்பதைப் பாடம் நடத்துகிற எவரும் மனச்சாட்சியோடு எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே பட்டியல் வரிசைப்படியே இருவர் இருவராக அழைக்கிறேன். தமிழில் நடத்தலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். அங்கே வாதாடப் போகிறவர் தமிழில் சட்டம் பேசக் கூச்சப்படுவதில் பொருளில்லை. மேல் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, அவற்றைப் படித்தே ஆக வேண்டும். படித்ததைத் தமிழில் எடுத்துச் சொல்லும்போது, புரிந்தவருக்கும் புரியாததை மனப்பாடம் செய்தவருக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு தடை நேரம். மயிலாடுதுறையிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் தினமும் ரயிலிலும் பேருந்திலும் வந்து போகிறவர்களை, வகுப்பு முடிந்த பிறகு தயாரிப்புக்கு இருக்கச் சொல்ல முடியாது. கடைசிப் பேருந்தைவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? தயாரிப்புக்கான நேரம் கால அட்டவணைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் கேட்டுப் பெற்றோம். நூலக நேரம் என்று பெயர் அளவில் இருந்ததை அதற்கு ஒதுக்கினார்கள். இந்த ஒன்று நடக்காமல் போயிருந்தால் மற்ற எல்லாமே விடுதி மாணவர்களின் விளையாட்டாக முடிந்திருக்கும்.

24 ஜூலை

கல்லூரிக்கு வெளியே, கிராமச் சட்ட உதவி மையத்தில் மாணவர்கள் மக்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுப்பதையும் இதில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். சேர்க்க வேண்டும். 1972 இல் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் பள்ளிகளுக்குப் போய் அன்றாடச் சட்டத்தைக் கற்பிக்கத் தொடங்கினார்கள். நம் நாட்டில் 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமே சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்களை ஊக்குவிப்பதை ஆணைக்குழுவின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. சட்ட மாணவர்கள் சட்ட உதவித் தன்னார்வலர்களாகவும் பணியாற்றலாம்.

ஆனால் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் 12 ஆம் பிரிவின்படி இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணை அழைக்கலாம் என்று சொல்வது கற்பித்தல். ‘உங்கள் வழக்கு ஜெயித்துவிடும்’ என்று சொல்வது வழக்கறிஞர் தொழில். பதிவு செய்த வழக்கறிஞருக்கே அது உரியது. கொள்ளிடக் கரையோரம் ஒரு கிராமத்தில் வயதான ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண், தாம் குடியிருக்கும் மனைக்குப் பட்டா கிடைக்குமா என்று கேட்டபோது, 1971 ஆம் ஆண்டின் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டத்தைப் பற்றி அழகாக விளக்கிக்கொண்டிருந்த மாணவர், அடுத்த வாக்கியத்தில் ‘உங்களுக்குக் கண்டிப்பாகக் கிடைக்கும் பாட்டி’ என்று சொல்லப் போனார். உடன் இருந்த மாணவி அவர் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, “எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க ஆயா, வீட்டு வரி ரசீது ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். இருவராக அனுப்புவது இதற்காகத்தான்.

2 ஆகஸ்ட்

மதிப்பெண் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். உடன் நடத்தும் மாணவர், சக மாணவருக்கு ஒரு மதிப்பெண்கூடப் போடக் கூடாது. போட்டால் அந்த நிமிடமே வகுப்பில் யாரும் அவரிடம் உண்மையான சந்தேகத்தைக் கேட்க மாட்டார்கள். அவருக்கு இன்டர்னல் மதிப்பெண் கொடுக்கலாம். மேடையில் பேசியதற்குக் கொடுப்பதைவிட, வகுப்புக்கு முன் எழுதிக்கொண்டு வந்த கேள்விகளுக்குக் கொடுப்பது நல்லது. நல்ல கேள்வியை எழுதுவதற்குத் தீர்ப்பு முழுவதையும் படித்திருக்க வேண்டும். உரையாற்றுவதற்குத் தீர்ப்பின் தொடக்கத்தில் அச்சிட்டிருக்கும் சுருக்கமான தலைக்குறிப்பு போதும்.

ஆசிரியருக்கு வேலை குறைகிறதா என்றால், கூடுகிறது. தனியாக நடத்தினால் பழைய குறிப்பேடு போதும். இருவரோடு உட்கார்ந்தால், அவர்கள் கொண்டுவரும் தீர்ப்பு பின்னர் மாற்றப்பட்டதா, மேல்முறையீடு என்னவாயிற்று என்று ஒவ்வொன்றையும் நான் சரிபார்த்தாக வேண்டும். பாடத்திட்டத்தை முடிப்பதும் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தை ஈடு செய்ய, காலவரையறைச் சட்டம் போன்ற பகுதிகளை நானே விரைந்து நடத்திவிடுகிறேன். எல்லாப் பாடத்துக்கும் இந்த முறை வேண்டியதில்லை.

5 ஆகஸ்ட்

எந்தப் பாடத்துக்கு வேண்டவே வேண்டாம் என்ற கேள்விக்கு, சற்று யோசித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

25 டிசம்பர் 1968 அன்று கீழவெண்மணியில் பட்டியல் சாதி விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நில உடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973 இல் விடுவித்தது. பெருநிலக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ‘நடந்திருக்கக் கூடியது எது’ என்ற ஊகம் சாட்சியத்தை எடைபோடும் இடத்தில் எவ்வளவு தூரம் புகலாம் என்பதைக் கற்பிக்க அதைவிட முக்கியமான தீர்ப்பு நம் பகுதியில் இல்லை. நான் ஒவ்வொரு ஆண்டும் அதை நடத்துகிறேன். ஆனால் அந்த வகுப்பை எந்த மாணவரிடமும் கொடுப்பதில்லை. நாகப்பட்டினம், கீழ்வேளூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை முன்னால் நிறுத்தி, தம் மக்களின் மரணத்தைப் பாடமாக விளக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. இன்னொருவரை நிறுத்தினால், அவர் வாய் தவறிச் சொல்லும் ஒரு சொல்லின் சுமையை அந்தப் பிள்ளைகள் சுமக்க வேண்டிவரும். அதைத் தாங்க வேண்டியது ஆசிரியர். பாலியல் குற்ற வழக்குகளுக்கும் இதே நிலைப்பாடுதான்.

பேராவூரணியிலிருந்து ஒருவர் இதற்கு மறுப்பு எழுதியிருக்கிறார்: அந்த மக்களின் பிள்ளைகளே அந்தத் தீர்ப்பைப் படித்துச் சொல்ல விரும்பினால் தடுப்பது என்ன நியாயம் என்கிறார். விரும்பி வந்து கேட்டால் தடுக்க மாட்டேன். பட்டியல் வரிசைப்படி அழைக்க மாட்டேன் என்பதுதான் நான் சொல்வது.

11 ஆகஸ்ட்

கடைசியாக வந்த கேள்வி, மாட்டேன் என்று சொல்லும் மாணவரை என்ன செய்வது என்பது. மேடை என்றாலே நடுங்குகிறவர்கள் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதால் தயாரிக்க நேரமில்லாதவர்களும் உண்டு. கட்டாயப்படுத்தக் கூடாது, காரணமும் கேட்கக் கூடாது. அவருடைய முறை வரும்போது, அந்த வாரத்துக்கான சிக்கலை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்கிறேன். வகுப்பில் அதை அவரோடு சேர்ந்து நடத்த வேண்டிய மற்றொரு மாணவர் கேட்பார். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் சிலர், தாம் எழுதியதை வேறொருவர் சரியாகக் கேட்கவில்லை என்று பாதியில் எழுந்து வந்து தாமே கேட்டிருக்கிறார்கள். எழுந்து வராதவர்களின் தாள்களையும் கோப்பில் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு வகுப்புகளில் பாதி அவற்றிலிருந்துதான் தொடங்கும்.

தயாரிப்புக்கான கால அட்டவணையையும், இருவருக்கும் கொடுக்கும் கேள்வித்தாளின் மாதிரியையும் கேட்டவர்களுக்கு இந்த வாரத்துக்குள் அனுப்புகிறேன்.